வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆன்லைன் பிளிட்ஸ் செஸ்: முழுமையான வழிகாட்டி

காய்கள் எப்படி நகரும் என்று தெரியும். சின்ன வயதில் அண்ணனோடோ மாமாவோடோ ஆடியதுதான். அப்புறம் படிப்பு, வேலை, குடும்பம் என்று பல வருடங்கள் ஓடிவிட்டன. திரும்ப ஒரு நாள் போனில் செஸ் செயலியை இறக்கி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பிளிட்ஸ் எனப்படும் வேக ஆட்டங்களை, ஆளுக்கு 3 நிமிடம் என்ற கணக்கில், ஆடித் தள்ளுகிறீர்கள். ரேட்டிங் (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 900-க்கும் 1100-க்கும் நடுவே ஏறி இறங்குகிறதே தவிர மேலே போக மாட்டேன் என்கிறது. இந்த வழிகாட்டி அந்த இடத்தில் நிற்பவர்களுக்கானது. 1500-ஐத் தொட்டவர்களுக்கும் சில பகுதிகள் உதவும்.

கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளிட்ஸ் நன்றாக ஆடுகிறவரைப் பார்த்தால் மின்னல் வேகத்தில் யோசிக்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலான நகர்வுகளுக்கு அவர் யோசிப்பதே இல்லை. ஏற்கனவே பார்த்த நிலை, பழகிய நிலை என்பதால் கை தானாகப் போகிறது. அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை, யோசித்தே தீரவேண்டிய நாலைந்து இடங்களில் செலவு செய்கிறார். நாமும் செய்ய வேண்டியது இதைத்தான்: ஆட்டத்தின் நடுவில் யோசிக்க வேண்டிய விஷயங்களைக் குறைத்துக்கொண்டே வருவது.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகளை 5 விநாடி மட்டும் காட்டி, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் சிலவற்றைத்தான் வைக்க முடிந்தது. அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்துவைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. மாஸ்டரிடம் இருந்தது பொதுவான ஞாபகசக்தி இல்லை, மனதில் சேர்ந்து கிடந்த வடிவங்கள்தான்.

"வயசாயிடுச்சு, இனிமே வேகம் வராது" என்று பலர் சொல்கிறார்கள். விஸ்வநாதன் ஆனந்த் 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் (பிளிட்ஸைவிடச் சற்று நிதானமான வேக ஆட்டம்) பட்டத்தை வென்றபோது அவருக்கு 48 வயது. அதே இடத்தில் உடனே நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் மூன்றாவதாக வந்தார். சென்னை டால் செஸ் கிளப்பில் சிறுவனாக ஆடித் தீர்த்த பிளிட்ஸ் ஆட்டங்களிலிருந்து அவர் சேர்த்து வைத்த சேமிப்பு அது. நமக்கு அந்தச் சேமிப்பு இல்லை, உண்மைதான். குழந்தைகள் மாதிரி அள்ளிக்கொள்ளவும் முடியாது. ஆனால் எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க நம்மால் முடியும். தினமும் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அந்தத் தேர்வுதான் எல்லாம்.

படி 1: ஒரே ஒரு நேர அளவைத் தேர்ந்தெடுங்கள்

3 நிமிடம், 5 நிமிடம், 1 நிமிடம் என்று மாற்றி மாற்றி ஆடுவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு நேர அளவுக்கும் தனி நிதானம் தேவை. அது பழக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3+2 என்றால் ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 2 விநாடி கூடுதல்; அந்தக் கூடுதல் நேரத்தைத்தான் இன்கிரிமென்ட் என்கிறார்கள். ஓர் ஆட்டம் 40 நகர்வு என்று வைத்துக்கொள்வோம். 3+0 என்றால் ஒரு நகர்வுக்குச் சராசரியாக 4.5 விநாடி. 3+2 என்றால் 6.5 விநாடி. 5+3 என்றால் 10.5 விநாடி. முதலாவதற்கும் கடைசிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

என் பரிந்துரை 5+3. ரேட்டிங் 1400 தாண்டிய பிறகு 3+2-க்கு வரலாம். இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டங்கள் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்லதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 3+0-ல் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தும் நேரம் தீர்ந்து தோற்பீர்கள். எதிராளி நேரம் தீர்ந்து தோற்றதால் நீங்கள் மோசமான நிலையிலும் ஜெயிப்பீர்கள். இரண்டிலிருந்தும் செஸ் பற்றிக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. இன்கிரிமென்ட் இருந்தால், ஜெயிக்க வேண்டிய எண்ட்கேமை (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தை) ஜெயித்துக் காட்ட வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று: லிச்செஸ், செஸ்.காம் என்ற இரண்டு பெரிய செஸ் தளங்களின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். லிச்செஸில் எல்லோருக்கும் தொடக்கமே 1500. அங்கே எண்கள் பொதுவாக அதிகமாகவே இருக்கும். ஒரு தளத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் எண்கள் செஸ்.காம் கணக்கு.

படி 2: கருவிகளைச் சரிசெய்யுங்கள்

பத்து நிமிட வேலை. முடிந்தால் கணினியில் மவுஸ் வைத்து ஆடுங்கள். போனில் விரல் மறைப்பதால் பலகையின் பாதி தெரியாது, பக்கத்துக் கட்டத்தில் காய் விழும். போன்தான் வழி என்றால் இழுத்து நகர்த்துவதை விட்டுவிட்டு, காயைத் தொட்டு அப்புறம் கட்டத்தைத் தொடும் முறைக்கு மாறுங்கள்.

சிப்பாய் கடைசி வரிசையை எட்டியதும் தானாக ராணியாகும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். எதிராளியோடு அரட்டை அடிக்கும் சாட் பகுதியை அணைத்துவிடுங்கள். லிச்செஸில் ஜென் மோட் என்று ஒன்று உண்டு. எதிராளியின் பெயரும் ரேட்டிங்கும் திரையிலிருந்து மறைந்துவிடும். நம்மைவிட 150 கூட என்று தெரிந்ததுமே பயந்து ஆடுகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

படி 3: எதிராளி கடைசியாக நகர்த்தியதைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1200-க்குக் கீழே நடக்கும் ஆட்டங்களைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஆழமான திட்டங்கள் இல்லை. யாரோ ஒருவர் குதிரையைச் சும்மா விட்டுவிடுகிறார், இன்னொருவர் அதை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஏன் சும்மா விடுகிறார்? எதிராளி யோசிக்கும்போது இவர் தன் திட்டத்தை யோசித்துக்கொண்டிருக்கிறார். எதிராளி நகர்த்தியதும், ஏற்கனவே முடிவு செய்து வைத்ததை அப்படியே ஆடிவிடுகிறார்.

எதிராளியின் காய் வந்து நின்றதும் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். இந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது? இது கிளம்பி வந்த இடத்தில் எதைப் பாதுகாக்காமல் விட்டுவிட்டது? முதல் கேள்வி உங்கள் காயைக் காப்பாற்றும். இரண்டாவது, அவருடைய காயை உங்களுக்குக் கொடுக்கும். தொடக்கத்தில் ஐந்து விநாடி ஆகும். சில வாரங்களில் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சின்ன ஆட்டத்தில் பார்க்கலாம். கறுப்பு ஆடும் காரோ கான் டிஃபென்ஸ் என்ற தொடக்க வரிசை. (கட்டங்களின் பெயர்: வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. காயின் பெயர் சொல்லாவிட்டால் சிப்பாய் அந்தக் கட்டத்துக்குப் போகிறது.) வெள்ளை இ4, கறுப்பு சி6. வெள்ளை டி4, கறுப்பு டி5. வெள்ளை குதிரையை சி3-க்குக் கொண்டுவருகிறது, கறுப்பு சிப்பாய் இ4-ல் வெட்டுகிறது, வெள்ளைக் குதிரை இ4-ல் திரும்ப வெட்டுகிறது. கறுப்பு குதிரையை டி7-ல் வைக்கிறது. பெரிய கிராண்ட்மாஸ்டர்களும் ஆடும் நல்ல நகர்வுதான் இது. இப்போது வெள்ளை ராணியை இ2-ல் வைக்கிறது.

இங்கேதான் நிற்க வேண்டும். ராணி இ2-ல் நின்றால் தன் பிஷப்பின் வழியைத் தானே அடைக்கிறது. பார்த்தாலே விகாரமான நகர்வு. ஆடத் தெரியாதவர் என்று நினைத்து, கறுப்பு இன்னொரு குதிரையை எஃப்6-க்கு வழக்கம்போலக் கொண்டுவருகிறது. வெள்ளைக் குதிரை இ4-லிருந்து டி6-க்குப் போகிறது. செக்மேட். ஆறாவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. இ7-ல் இருக்கும் சிப்பாய் குதிரையை வெட்டலாமே என்றால், முடியாது. அந்தச் சிப்பாய் நகர்ந்தால் இ2-ல் இருக்கும் ராணியின் பார்வை நேராக ராஜாவின் மேல் விழும். ராஜா நகரவும் இடமில்லை, சுற்றிலும் அவருடைய காய்களே அடைத்து நிற்கின்றன.

"இந்த ராணி ஏன் இங்கே வந்தது?" என்று மூன்று விநாடி கேட்டிருந்தால் போதும். நேர்க்கோட்டில் கறுப்பு ராஜா நிற்பது தெரிந்திருக்கும். இதிலிருந்து ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: எதிராளியின் நகர்வு அசட்டுத்தனமாகத் தோன்றும்போதுதான் கடிகாரத்தை அதிகம் செலவழிக்க வேண்டும். அது உண்மையிலேயே அசட்டுத்தனமாக இருந்தால் உங்களுக்கு ஒரு காய் லாபம். இல்லாவிட்டால் ஒரு ஆட்டம் மிச்சம்.

படி 4: ஓப்பனிங்கைச் சுருக்குங்கள்

ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை. பெரியவர்கள் தங்கள் நேரத்தை அதிகம் வீணாக்குவது இங்கேதான். இந்த வாரம் சிசிலியன், அடுத்த வாரம் கிங்ஸ் இந்தியன், அதற்கடுத்து ஏதோ ஒரு கேம்பிட் என்று வீடியோ பார்த்துக்கொண்டே போகிறார்கள். எதுவும் தேறுவதில்லை. வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. ஒரு வருடத்துக்கு மாற்றாதீர்கள்.

வெள்ளையில் லண்டன் சிஸ்டம் நம் நோக்கத்துக்குப் பொருந்தும். டி4, பிஷப் எஃப்4, இ3, குதிரை எஃப்3, பிஷப் டி3, சி3, மற்றக் குதிரை டி2. எதிராளி எப்படி ஆடினாலும் பெரும்பாலும் இதே அமைப்பு வரும். மூன்று விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். சிப்பாயை இ3-ல் வைப்பதற்கு முன்பே பிஷப் எஃப்4-க்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். கறுப்பு சி5 ஆடி, ராணியை பி6-க்குக் கொண்டுவந்து உங்கள் பி2 சிப்பாயைத் தாக்கினால், உங்கள் ராணியை பி3-ல் எதிரே வையுங்கள். கறுப்புக் குதிரை ஹெச்5-க்கு வந்து பிஷப்பை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். முன்பே ஹெச்3 ஆடி வைத்திருந்தால் பிஷப் ஹெச்2-க்கு ஒதுங்கிக்கொள்ளலாம்.

லண்டன் சலிப்பான ஓப்பனிங், அதில் கற்பனைக்கு இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஓப்பனிங்கில் மிச்சமாகும் ஒரு நிமிடத்தை நடு ஆட்டத்தில் போட்டுப் பாருங்கள், கற்பனைக்கு இடம் கிடைக்கும்.

கறுப்பில் இ4-க்கு மேலே சொன்ன காரோ கான், டி4-க்கு ஸ்லாவ் அமைப்பு. இரண்டிலும் சி6, டி5 என்ற அதே இரண்டு சிப்பாய்கள்தான் அடித்தளம். காரோ கானில் வெள்ளை இ5 என்று தள்ளினால் உங்கள் பிஷப் எஃப்5-க்கு வெளியே வரும், அப்புறம் இ6. எதிராளி லண்டன் ஆடினாலும் அதே: டி5, சி6, பிஷப் எஃப்5, இ6. ஒரே வடிவத்தை இரண்டு விதமான எதிராளிகளுக்கும் பயன்படுத்துகிறீர்கள். கற்க வேண்டியது பாதியாகக் குறைகிறது.

இ4-க்கு இ5 ஆடியே பழக்கம் என்றால் அதையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் ஆன்லைனில் தினமும் வரும் இரண்டு தாக்குதல்களுக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். ஒன்று, ராணி ஹெச்5, பிஷப் சி4 என்று வந்து எஃப்7-ல் நாலே நகர்வில் மேட் வைக்கப் பார்ப்பது. ராணி வந்ததும் குதிரை சி6, பிஷப் வந்ததும் சிப்பாய் ஜி6, ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி மிரட்டினால் குதிரை எஃப்6. மிரட்டல் தீர்ந்தது, உங்கள் காய்களும் வெளியே வந்துவிட்டன. இன்னொன்று, வெள்ளை பிஷப்பை சி4-ல் வைத்துக் குதிரையை ஜி5-க்குத் தாவவிடுவது. நீங்கள் டி5 ஆட, வெள்ளை சிப்பாயால் வெட்டும். அதைக் குதிரையால் திரும்ப வெட்டக் கை துறுதுறுக்கும். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-ல் விழுந்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடும். பதிலாக சி6-ல் உள்ள குதிரையை ஏ5-க்கு நகர்த்தி அந்த பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் குறையும், ஆனால் காய்கள் சுறுசுறுப்பாக வெளியே வரும்.

படி 5: டாக்டிக்ஸ் புதிர்களைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்

டாக்டிக்ஸ் என்றால் காயைப் பிடிக்கவோ மேட் வைக்கவோ உதவும் சில நகர்வுத் தந்திரம். புதிர் ரேட்டிங் 2000 என்று பெருமையாகச் சொல்பவர்கள் பிளிட்ஸில் 1000-ல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கடினமான புதிரை நாலு நிமிடம் உட்கார்ந்து தீர்ப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் பிளிட்ஸில் அந்த நாலு நிமிடம் கிடைக்காது. உங்களுக்குத் தேவை, எளிய வடிவங்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பது.

லிச்செஸில் புதிர்களைக் கருப்பொருள்படி பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் இலவசம். ஒரு நகர்வு மேட், இரண்டு நகர்வு மேட், ஃபோர்க் (ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்னால் உள்ள காய் நகர முடியாமல் நிற்பது), பாதுகாப்பில்லாத காய், கடைசி வரிசை மேட். முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். சுமார் 200 எளிய புதிர்களைத் தேர்ந்தெடுத்து முழுவதும் போடுங்கள். முடிந்ததும் புதியவற்றுக்குப் போகாதீர்கள், அதே 200-ஐ மறுபடி போடுங்கள். மூன்றாவது சுற்றில் விடை தானாக வரும். "மனப்பாடம் ஆகிவிட்டதே, இதில் என்ன பயன்?" என்று தோன்றும். மனப்பாடம் ஆவதுதான் பயன். வாய்ப்பாடு தெரிந்தவர் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு வடிவத்தை எவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லண்டன் ஆடுகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் ஹெச்7 பலி. கறுப்பு ராஜா காஸ்லிங் செய்து ஜி8-ல் இருக்கிறார். உங்கள் சிப்பாய் இ5-க்கு வந்து எஃப்6 குதிரையை விரட்டிவிட்டது. பிஷப் டி3-ல், குதிரை எஃப்3-ல், ராணி டி1-ல். பிஷப் ஹெச்7 சிப்பாயை வெட்டி செக் வைக்கிறது. ராஜா பிஷப்பை வெட்டுகிறார். குதிரை ஜி5, மறுபடி செக். ராஜா ஜி8-க்குத் திரும்பினால் ராணி ஹெச்5; அடுத்து ஹெச்7-ல் மேட்.

இத்தனையும் பலருக்குத் தெரியும். எப்போது செய்யக் கூடாது என்பதுதான் தெரியாது. நாலு இடங்களைப் பார்த்துவிட்டு பிஷப்பைத் தொடுங்கள். எஃப்6-ல் குதிரை இல்லாமல் இருக்க வேண்டும். ஜி5-க்குப் போகும் குதிரையைக் கறுப்பு பிஷப்போ ராணியோ சும்மா வெட்டிவிடக் கூடாது. டி1-லிருந்து ஹெச்5 வரை ராணிக்கு வழி திறந்திருக்க வேண்டும். கடைசியாக, ராணி ஹெச்5-க்கு வந்த பிறகு கறுப்பு பிஷப் எஃப்5-க்கு வந்தோ, குதிரை எஃப்8-க்கு வந்தோ ஹெச்7-ஐக் காக்க முடியக் கூடாது. ராஜா பின்வாங்காமல் ஜி6-க்கு முன்னேறுவதும் உண்டு; அப்போது பெரும்பாலும் ராணி ஜி4-தான் பதில். இந்த நாலு சோதனையும் மனதில் ஊறிவிட்டால் ஆட்டத்தில் பத்து விநாடி வேலை. ஊறாவிட்டால் ஒரு நிமிடம் போகும், அப்புறமும் சந்தேகம் தீராது.

லிச்செஸில் மூன்று நிமிடத்தில் எத்தனை புதிர் என்று ஓடும் பசில் ஸ்டார்மும், செஸ்.காமில் பசில் ரஷ்ஷும் இதற்கு நல்ல துணை. ஆட உட்காரும் முன் ஒரே ஒரு சுற்று போடுங்கள், கண் திறந்துகொள்ளும்.

படி 6: கடிகாரத்தைச் செலவு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்

5+3 ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பத்து நகர்வு உங்களுக்குத் தெரிந்த ஓப்பனிங். அது முடியும்போது கடிகாரத்தில் நாலரை நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஓப்பனிங் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு எல்லா நகர்வுக்கும் ஒரே மாதிரி நேரம் கொடுக்காதீர்கள். 20, 30 விநாடி நின்று யோசிக்க வேண்டிய தருணங்கள் மூன்று நாலுதான் வரும். ராணிகளை மாற்றிக்கொள்ள வாய்ப்பு வரும்போது. நடுப்பலகையில் சிப்பாய்கள் மோதி, வெட்டுவதா தள்ளுவதா விடுவதா என்று முடிவு செய்யும்போது. எதிராளி ஒரு காயைச் சும்மா தரும்போது. அப்புறம், மேலே சொன்ன மாதிரி அவருடைய நகர்வு விசித்திரமாக இருக்கும்போது. மற்ற இடங்களில், "ஒரு காயை நல்ல இடத்துக்குக் கொண்டுபோகிறேன், எதுவும் சும்மா விடவில்லை" என்று தெரிந்தால் போதும், ஆடிவிடுங்கள். இரண்டு நல்ல நகர்வுகளில் எது சிறந்தது என்று அரை நிமிடம் தடுமாறுவது பிளிட்ஸில் ஆடம்பரம்.

எண்ட்கேமுக்கு ஒரு நிமிடம் மிச்சம் வையுங்கள்.

எதிராளி ஆடும் முன்பே உங்கள் அடுத்த நகர்வைப் பதிந்து வைக்கும் ப்ரீமூவ் பற்றி ஒரு வார்த்தை. எதிராளிக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்: அவர் திரும்ப வெட்டியே ஆக வேண்டும் என்பது போன்ற நிலை. ஓப்பனிங்கில் ப்ரீமூவ் வைத்துக் காயை இழப்பது, படி 3-ல் கட்டிய பழக்கத்தை நாமே இடிப்பது.

படி 7: நாலு எண்ட்கேம்கள்

ராணியும் ராஜாவும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வது. எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 10 நகர்வில் முடியும். எதிராளி ராஜாவிடமிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைத்து, அவர் நகர நகர அதே தூரத்தில் தொடர்ந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். அவர் மூலைக் கட்டத்துக்குள் நுழைந்ததும் மட்டும் ராணியை நிறுத்திவிடுங்கள். ஹெச்8-ல் ராஜா இருக்கும்போது ராணி ஜி6-லோ எஃப்7-லோ நின்றால், உங்கள் செக் இல்லாமலே அவருக்கு நகர இடமிருக்காது, ஸ்டேல்மேட், டிரா. அந்த நேரத்தில் உங்கள் ராஜாவைக் கூட்டிவர வேண்டும்.

யானையும் ராஜாவும் வைத்து மேட் செய்வது அடுத்தது. அதிகபட்சம் 16 நகர்வு. மூன்றாவது, ஒரே ஒரு சிப்பாய் உள்ள ராஜா எண்ட்கேம். உங்கள் ராஜா ஆறாவது வரிசையிலும், சிப்பாய் அவருக்கு நேர் பின்னால் ஐந்தாவது வரிசையிலும் இருந்தால் யார் நகர்த்தும் முறையாக இருந்தாலும் வெற்றி. ஓரச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. எதிராளி ராஜா அந்த மூலைக்கு வந்துவிட்டால் டிரா. நான்காவது, யானையும் சிப்பாயும் எதிர் யானை. குறைந்தபட்சம் தற்காப்புப் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் யானையை வைத்து எதிராளி ராஜாவைத் தடுக்கும் ஃபிலிடோர் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லிச்செஸின் போர்டு எடிட்டரில் இந்த நிலைகளை அடுக்கி, கணினிக்கு எதிராக நேரம் வைத்து ஆடுங்கள். யானை மேட்டை ஒரு நிமிடத்துக்குள் தவறாமல் முடிக்கிற வரை விடாதீர்கள். எதிராளியிடம் தனி ராஜா மட்டும் இருந்தால் உங்கள் நேரம் தீர்ந்தாலும் தோல்வி இல்லை, டிராதான். ஆனால் கையில் இருந்த முழுப் புள்ளி பாதியாகிவிடும்.

படி 8: ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள்

மூன்று ஆட்டம் ஆடினால் ஒன்றையாவது பார்க்க வேண்டும். முதலில் எஞ்சின் (நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரல்) வேண்டாம். எங்கே நிலை மாறியது என்று நீங்களே தேடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். அப்புறம் எஞ்சினைப் போட்டுச் சரிபாருங்கள். லிச்செஸில் உங்கள் தவறான நகர்வுகளில் மட்டும் நிறுத்தி, வேறென்ன ஆடலாம் என்று கேட்கும் வசதி இருக்கிறது. அதை விடாமல் பயன்படுத்துங்கள்.

எஞ்சின் சொல்லும் எல்லாவற்றையும் பொருட்படுத்தத் தேவையில்லை. அது தரும் மதிப்பு எண் (1 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு) 0.4-லிருந்து 0.1-க்கு இறங்கியது நம் நிலையில் ஒரு தவறே இல்லை. நம் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை 2-க்கு மேல் இறங்கிய இடங்கள்.

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: காயைச் சும்மா விட்டது, ஃபோர்க் தெரியவில்லை, ஓப்பனிங்கில் மாட்டியது, நேரம் தீர்ந்தது, ஜெயித்த எண்ட்கேமைக் கெடுத்தது. முப்பது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். பலர் "எனக்கு ஓப்பனிங் வீக்" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். நோட்டு வேறு சொல்லும். எது அதிகமோ அதற்கான படிக்கு மேலே திரும்பிப் போங்கள். ஓப்பனிங்தான் என்று வந்தால், லிச்செஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் பெயரைக் கொடுத்தால் எந்த வரிசையில் அதிகம் தோற்கிறீர்கள் என்று காட்டிவிடும்.

படி 9: எப்போது நிறுத்துவது

தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்குப் போதும். மூன்றாவதை ஆடுவது செஸ் ஆடுவதற்காக இல்லை, இழந்த புள்ளியைப் பிடுங்குவதற்காக. அந்த மனநிலையில் படி 3 காற்றில் பறந்துவிடும்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ரேட்டிங் முறைப்படி உங்களைவிட 100 குறைந்தவர் உங்களுக்கு எதிராக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புள்ளி எடுப்பார். அது வழக்கமான விஷயம், அவமானம் இல்லை. ஒரு வாரத்தில் 80, 100 புள்ளி இறங்குவதும் அப்படித்தான். மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் ரேட்டிங் வரைபடத்தைப் பாருங்கள்.

எதிராளி எஞ்சின் வைத்து ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் வந்தால் புகார் பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிடுங்கள். பிடிபட்டால், இரண்டு பெரிய தளங்களும் நீங்கள் இழந்த புள்ளியைத் திருப்பித் தருகின்றன. இரவு 11 மணிக்கு மேல் ஆடாமல் இருந்தால் இன்னும் நல்லது. களைத்த மூளை பழகிய வடிவத்தைக்கூடத் தவறவிடும்.

ஒரு வாரம் எப்படி இருக்கலாம்

வேலை நாட்களில் 40 நிமிடம்: 15 நிமிடம் புதிர், இரண்டு பிளிட்ஸ் ஆட்டம், மீதி நேரத்தில் அதில் ஒன்றைத் திரும்பப் பார்ப்பது. ஒரு நாள் புதிருக்குப் பதில் எண்ட்கேம். சனி அல்லது ஞாயிறில் 15+10 ஆட்டம் ஒன்று. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிளிட்ஸில் ஒரு விநாடியில் அடையாளம் காண வேண்டியதை, எங்கோ ஒரு மெதுவான ஆட்டத்தில் ஒரு தடவையாவது முழுதாக யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். வெறும் பிளிட்ஸ் மட்டும் ஆடினால் இருக்கிற சேமிப்பைத்தான் செலவு செய்துகொண்டிருப்பீர்கள்.

வீட்டில் விசேஷம், அலுவலகத்தில் நெருக்கடி என்றால் புதிர் பத்து நிமிடம் மட்டும் போடுங்கள். ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம்.

நேரில் ஆடப் போகும்போது

ஆறேழு மாதத்தில் உங்கள் ஊர் பக்கம் நடக்கும் பிளிட்ஸ் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் வார இறுதிப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து மேசையில் எட்டு வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கும்; தயங்க வேண்டாம். ஆனால் திரையில் பழகியவர்களுக்குச் சில விதிகள் புதிதாக இருக்கும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ராஜா செக்கில் இருப்பதைத் திரை சொல்லாது. கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் அது விதிமீறல். முதல் தடவை எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும். சிப்பாய் எட்டாவது வரிசையைத் தொட்டதும் ராணி தானாக வராது. பக்கத்தில் ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்டு வாங்குங்கள். யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொன்னால் செல்லாது, அது யானையாகவே கணக்கில் வரும்.